புழுவில் நீக்கிய மரபணுவும் நம் வீட்டு நோயும்

(பென்னாகரத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பென்னாகரம் வட்டாரத்தில் நூற்புழுவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வருகிறவன், முதலில் பழைய பகையைத் தீர்த்துவிட்டுத்தான் பேச முடியும். தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறதே, அது நூற்புழு செய்த வேலை. மல்பெரித் தோட்டத்திலும் அதே தொல்லைதான். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை, இதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த புழுக்களை விரட்டத்தான். நான் பேசப்போகும் புழு இந்தக் குடும்பத்தில் பிறந்தும் யாருக்கும் தீங்கு செய்யாதது. அழுகும் பழத்திலும் இலைக்குப்பையிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும். நீளம் ஒரு மில்லிமீட்டர். உடல் கண்ணாடிபோலத் தெளிந்தது. கேனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் முழுப் பெயர். எலிகன்ஸ் என்றே சொல்லிக்கொள்வோம். அந்த மாத்திரையின் கதையிலேயே நம் பேச்சின் சாரமும் இருக்கிறது. மாத்திரையிலுள்ள அல்பெண்டசோலும் அதன் இனத்து மருந்துகளும் புழுவை எப்படி முடக்குகின்றன? 1989ல் மார்ட்டின் சால்ஃபியின் ஆய்வகத்தார் எலிகன்ஸ் புழுவைக் கொண்டே விடை சொன்னார்கள். பென்-1 என்ற ஒரே மரபணு கெட்டுப்போன புழுக்கள், இந்த இனத்து மருந்துக்குள்ளே போட்டாலும் சாதாரணமாக நெளிந்து ஓடின. அந்த மரபணு அடியோடு இல்லாமல் போனாலும் புழு பிழைத்தது, மருந்து மட்டும் பலிக்கவில்லை. மருந்து போய்ப் பிடிக்கிற இடம் பென்-1 உண்டாக்கும் டியூபுலின் புரதம்தான் என்று அதிலிருந்து தெரிந்தது. ஒன்றை எடுத்துவிட்டு, எது நின்றுபோகிறது என்று பார்த்து, எடுத்ததன் வேலையைத் தெரிந்துகொள்ளும் முறை இது. மனித நோய்களுக்குக் காரணமான மரபணுக்களுக்கும் இதே முறையைக் கையாள முடியும், அதுவும் நம் பகுதியின் பரம்பரை நோய்களுக்கு இது மற்ற இடங்களைவிடக் கூடுதலாகவே பொருந்தும் என்பதுதான் என் வாதம்.

இந்தப் புழுவை ஆய்வகத்துக்கு முறையாகக் கொண்டுவந்தவர் சிட்னி பிரென்னர். கேம்பிரிட்ஜில் அறுபதுகளில் தொடங்கி, 1974ல் அதன் மரபியலை ஒரே கட்டுரையில் விரித்து வைத்தார். அவர் ஏன் இதைத் தேர்ந்தார் என்பதை ஒரு தட்டைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டில் அகார் ஊற்றி, நடுவில் ஈ.கோலை பாக்டீரியாவை ஒரு சொட்டு பூசி, அதில் ஒரு புழுவை விட்டால் போதும். பெரும்பாலான புழுக்கள் இருபால் உயிர்கள். தனக்குத்தானே கருவுற்று ஒரு புழு ஏறத்தாழ முந்நூறு குஞ்சுகளைத் தரும். அவை மூன்று நான்கு நாளில் பெரியவையாகிவிடும். நுனியைத் தட்டையாக்கிய பிளாட்டினக் கம்பியைத் தீயில் காட்டி ஆறவிட்டு, ஒரு புழுவை மட்டும் தூக்கி அடுத்த தட்டில் வைத்தால் புதிய வம்சம் தொடங்கிவிடும். வளர்ந்த இருபால் புழுவின் உடலில் இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக 959 உயிரணுக்கள். அவற்றில் 302 நரம்பணுக்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது, எங்கே போய் நிற்கிறது என்ற வரலாறு முழுவதும் எழுதப்பட்டுள்ளது. 1998ல் பலசெல் உயிர்களிலேயே முதலாவதாக முழு மரபணுத்தொகுதியும் படிக்கப்பட்டது இந்தப் புழுவுக்குத்தான். படித்து முடித்தபோது கிடைத்த செய்தி பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. மனிதனின் மரபணுக்களில் ஏறத்தாழப் பாதிக்கு இந்தப் புழுவிடம் அடையாளம் காணத்தக்க உறவு உண்டு. கணக்கிடும் முறைக்கேற்ப விழுக்காடு கூடும், குறையும். ஆனால் உறவு இருக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

மரபணுவை எடுப்பது என்றால் என்ன செய்வது? முன்பெல்லாம் அது கண்ணை மூடிக்கொண்டு வலை வீசும் வேலை. சோரலன் என்ற வேதிப்பொருளில் புழுக்களை ஊறவைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். டி.என்.ஏ. ஆங்காங்கே அறுந்து, சரியாக ஒட்டாமல், சில நூறு அல்லது சில ஆயிரம் எழுத்துகள் விடுபட்டுப்போகும். எந்தப் புழுவில் எது விடுபட்டது என்று தெரியாது. ஆகவே ஆயிரக்கணக்கான வளர்ப்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, தேடுகிற மரபணுவை மட்டும் பிசிஆர் முறையில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிடுவார்கள். முழு மரபணுவின் பட்டை மேலேயே நின்றுவிடும். நடுவில் துண்டு போன மரபணு குட்டையாக இருப்பதால் வேகமாக ஓடிக் கீழே தனிப்பட்டையாக நிற்கும். அந்தக் கீழ்ப்பட்டையைக் கண்டால், அது வந்த வளர்ப்பைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய், கடைசியில் ஒற்றைப் புழுவைப் பிடிக்க வேண்டும். இந்தப் பொறுமையான வேலையை மூன்று ஆய்வகங்கள் கூட்டாகச் செய்தன. வான்கூவரில் டொனால்ட் மோர்மன், ஓக்லஹோமாவில் ராபர்ட் பார்ஸ்டெட், தோக்கியோவில் ஷோஹெய் மிதானி. 2012ல் அவர்கள் கணக்குக் கொடுத்தபோது, புழுவின் புரதம் ஆக்கும் 20,377 மரபணுக்களில் 6,764க்கு நீக்கமோ முழுச் செயலிழப்போ கிடைத்திருந்தது; அதில் 6,013 மரபணுக்கள் இந்த மூவரின் உழைப்பு. பிறகு, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி வந்தது. இப்போது வேண்டிய மரபணுவின் இரு முனையையும் குறிவைத்து வெட்டி, அந்த இடத்தில் ஓர் அடையாளத் துண்டைச் செருகிவிடுகிறார்கள். மோர்மன் குழுவினர் 2019ல் விரிவாக எழுதிவைத்த முறையில், வெட்டு பலித்த புழுவின் தொண்டை பச்சையாக ஒளிரும். கொல்லும் மருந்து கலந்த தட்டிலும் அது மட்டும் பிழைத்திருக்கும். ஆயிரம் புழுக்களுக்கு நடுவே தேட வேண்டியதில்லை. மனித நோயோடு தொடர்புள்ள மரபணுக்களை வரிசையாக எடுத்துப் புதிய புழு வகைகளை ஆக்கும் வேலை இப்படித்தான் வேகம் பிடித்தது. ஆக்கிய வகைகளைக் கிளிசரால் கலந்து உறையவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். வேண்டும்போது உருக்கினால் மீண்டும் நெளியும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்திலுள்ள புழு வங்கியிலிருந்து உலகின் எந்த ஆய்வகமும் சிறு கட்டணத்தில் வரவழைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பாடு எதற்கு, ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்ற எளிய வழி இருக்கிறதே என்று உயிரியல் படித்த மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த வழியும் 1998ல் இதே புழுவில்தான் துலங்கியது. அதற்காக ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அது மரபணுவின் குரலை அடக்குமே தவிர முழுக்க நிறுத்தாது. ஒரு புழுவில் எண்பது பங்கு அடங்கும், இன்னொன்றில் ஐம்பது பங்கு. நரம்பணுக்களிலோ அது சரியாகவே வேலை செய்வதில்லை. நரம்பு நோய்களை ஆராயப் புகுந்தவனுக்கு நரம்பணுவில் பலிக்காத கருவியால் என்ன பயன்? தராசில் எடை போடுமுன் வெறுந்தட்டில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். மரபணு அறவே இல்லாத புழு காட்டுவது அந்தப் பூச்சியப் புள்ளியை. அது உறுதியாக இருந்தால்தான் அதன்மேல் வைக்கும் எதையும் அளக்க முடியும்.

அடுத்த எதிர்ப்பு இதைவிடக் கனமானது. சிறுநீரகம் இல்லாத புழுவிடம் சிறுநீரக நோயைப் பற்றி என்ன கேட்பது? இதற்கு விடை சொல்ல உண்மையிலேயே ஒரு சிறுநீரக நோய் இருக்கிறது. சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள் நிறைந்து, நடுவயதில் டயாலிசிஸ் வரை கொண்டுபோகும் பரம்பரை நோய் அது. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களும் தொண்ணூறுகளின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்தப் புரதங்கள் சிறுநீரகத்தில் என்ன வேலை செய்கின்றன என்பது விளங்கவில்லை. 1999ல் மோரீன் பாரும் பால் ஸ்டெர்ன்பெர்கும் முற்றிலும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அரிதாகப் பிறக்கும் ஆண் புழு, இணையின் உடலைத் தொட்டதும் பின்னோக்கி ஊர்ந்து, சேர்க்கைத் துளையைத் தடவிக் கண்டுபிடிக்கும். சில ஆண் புழுக்கள் அந்தத் துளையைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் கெட்டிருந்த லவ்-1 மரபணுவைப் படித்துப் பார்த்தால், அது மனிதச் சிறுநீரக நீர்க்கட்டி நோய் மரபணுவின் உறவு. அதன் துணையான பிகேடி-2ம் அதே நரம்பணுக்களில் இருந்தது. இரண்டு புரதங்களும் எங்கே இருந்தன என்பதுதான் முக்கியம்: அந்த உணர்வு நரம்பணுக்களின் நுனியிலுள்ள குறு இழைகளில், அதாவது சிலியாவில். அடுத்த ஈராண்டுக்குள் எலியிலும் பாசியிலும் நடந்த ஆய்வுகள் இந்தக் குறிப்போடு வந்து சேர்ந்தன. சிறுநீரகக் குழாயின் ஒவ்வோர் அணுவிலும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சிலியாவை, அதுவரை பயனற்ற மிச்சம் என்று பலர் ஒதுக்கி வைத்திருந்தார்கள். நோயின் வேர் அங்கேதான் என்று தெரிந்தது. பார்வை மங்கி, உடல் பருத்து, விரல் கூடுதலாகப் பிறக்கும் பார்டெட்-பீடில் நோய் முதல் பல நோய்கள் இன்று சிலியா நோய்கள் என்ற ஒரே குடும்பமாக எண்ணப்படுகின்றன. புழுவுக்குச் சிறுநீரகம் வேண்டியிருக்கவில்லை. சிலியா இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. பரிணாமம் உறுப்புகளைப் புதிது புதிதாகக் கட்டினாலும், அணுவுக்குள் இருக்கும் இயந்திரங்களைப் பெரும்பாலும் பழையபடியே வைத்திருக்கிறது. நோய் உறுப்பில் தெரியும். பழுது இயந்திரத்தில் இருக்கும்.

அல்சைமர் நோயின் கதை இதைவிடக் கூர்மையானது. 1995ல் டயேன் லெவிடனும் ஐவா கிரீன்வால்டும் புழுவில் செல்-12 என்ற மரபணுவை அறிவித்தார்கள். இளவயதிலேயே குடும்பம் குடும்பமாக அல்சைமரைக் கொண்டுவரும் பிரெசெனிலின் மரபணுவின் உறவு அது. மனித மரபணு அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். செல்-12 இழந்த புழுவால் சரியாக முட்டையிட முடியாது. இந்தக் குறை நாட்ச் என்ற பழமையான அணுச் செய்திப் பாதையோடு தொடர்புடையது என்பதும் அப்போதே தெரிந்தது. மறுஆண்டு அவர்கள் செய்த சோதனைதான் என் வாதத்துக்கு முதுகெலும்பு. மரபணு இழந்த புழுவுக்குள் மனிதனின் பிரெசெனிலினைச் செலுத்தினார்கள்; புழு முட்டையிட்டது. நோயாளிக் குடும்பங்களில் கண்ட மாற்றம் பெற்ற பிரெசெனிலினைச் செலுத்தினார்கள். குறை முழுதாகத் தீரவில்லை. எந்த மாற்றம் புரதத்தைக் கெடுக்கிறது, எவ்வளவு கெடுக்கிறது என்பதை முட்டையிடும் திறனில் அளந்துவிட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்து, இந்தப் புரதம் அங்கமாக உள்ள நொதியைத் தடுக்கும் செமகாசெஸ்டாட் என்ற மருந்தை ஒரு பெரிய நிறுவனம் அல்சைமர் நோயாளிகளிடம் சோதித்தது. நினைவாற்றல் இன்னும் மோசமானது. தோல் புற்றும் கூடியது. 2010ல் சோதனையை நிறுத்தினார்கள். நாட்ச் பாதையைத் தொட்டால் விளைவு உண்டு என்று முட்டையிட முடியாத புழு முன்பே காட்டியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் உயிரின் சாட்சியத்தை மருந்துலகம் எவ்வளவு காதில் வாங்கிக்கொண்டது என்ற கேள்வியை உங்களிடமே விடுகிறேன்.

இப்போது மூன்றாவது எதிர்ப்பு. நோயாளியிடம் மரபணு முழுசாகவா இல்லாமல் போகிறது? பெரும்பாலும் ஒரே எழுத்துதானே மாறுகிறது? மரபணு அறவே இல்லாத புழு எந்த நோயாளிக்குச் சமம்? இதை ஒருவகையில் ஒப்புக்கொள்கிறேன். புரதம் இல்லாமல் போவதால் வரும் நோயும் உண்டு. புரதம் இருந்து விபரீதமாக நடப்பதால் வரும் நோயும் உண்டு. ஹண்டிங்டன் நோய் இரண்டாம் வகை. அதற்கு நீக்கப் புழு நேரடியாகப் பயன்படாது. ஆனால் நம் பகுதியின் நிலைமை இந்த எதிர்ப்பின் பலத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடப்பவை. இந்தியாவிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அத்தை மகள், மாமன் மகன் உறவில் பிறக்கும் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. உறவுக்குள் கட்டாதவர்களும் இதிலிருந்து தப்பிவிடுவதில்லை. 2017ல் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்களுடைய குழுவினரும் தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து, 81 குழுக்கள் மிகச் சிலரான மூதாதையரிடமிருந்து கிளைத்துத் தமக்குள்ளேயே மணந்து வந்தவை என்று காட்டினார்கள். பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கு உலகம் எடுத்துக்காட்டும் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகிய தொடக்கம் அவற்றுக்கு. ஒரு முன்னோரிடம் இருந்த பழுது, பல தலைமுறை கழித்துத் தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்வது இப்படித்தான். இவ்வாறு இரு பிரதியும் பழுதாகி வரும் ஒடுங்கு நோய்களில் பெரும்பாலானவை, புரதம் இல்லாமலோ வேலை செய்யாமலோ போவதால் வருபவை. தனக்குத்தானே கருவுறும் புழுவிலும் கணக்கு அதேதான்: ஒரு பிரதி நல்லதாகவும் ஒரு பிரதி நீங்கியதாகவும் உள்ள புழுவின் குஞ்சுகளில் நாலில் ஒன்றுக்கு இரண்டு பிரதியும் இல்லை. மேற்கு நாட்டு மருத்துவமனைக்கு நீக்கப் புழு பல கருவிகளில் ஒன்று. தமிழ்நாட்டு மருத்துவமனைக்கு அது கைக்கு மிக நெருங்கிய கருவி. உறவுத் திருமணத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. அப்படி மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகத்தான் பிறக்கிறார்கள். நம் நோய்களின் தன்மை எது என்று தெரிந்து கருவியைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறேன்.

ஒற்றை எழுத்து மாற்றத்துக்கும் நீக்கப் புழுவே அடித்தளம். இன்று குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்தால் வரும் அறிக்கையில், ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்ற வரியைப் பல பெற்றோர் பார்த்திருப்பார்கள். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதுதான் நோய்க்குக் காரணமா, இல்லை யாருக்கும் தீங்கில்லாத வேறுபாடா என்று ஆய்வகத்துக்கே தெரியவில்லை என்பது அதன் பொருள். ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுகள் நெடுங்காலம் ஐரோப்பியருடையனவாகவே இருந்ததால், நம்மவர் அறிக்கைகளில் இந்த வரி கூடுதலாக வரும். 10,000 இந்தியரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம்இந்தியா திட்டம் 2025 ஜனவரியில் தரவுகளைத் திறந்துவிட்டது, பெரிய உதவி. ஆனால் ஒரு மாற்றம் எத்தனை பேரிடம் உண்டு என்பதைத்தான் தரவு சொல்லும். அது புரதத்தைக் கெடுக்கிறதா என்பதை உயிருள்ள ஒன்றில்தான் பார்க்க வேண்டும். மரபணு இல்லாத புழு ஒருபுறம், இயல்பான புழு மறுபுறம், குழந்தையின் மாற்றத்தைக் கிரிஸ்பரால் எழுதிய புழு நடுவில். நடுப்புழு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சில வாரங்களிலோ சில மாதங்களிலோ சொல்லிவிடலாம்.

மரபணுவை எடுத்தும் புழுவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்? பல நேரம் அப்படித்தான் ஆகிறது, மறைப்பதற்கில்லை. டூஷேன் தசைச்சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். ஆண் பிள்ளைகளுக்கு வருவது. நான்கைந்து வயதில் எழுந்து நிற்கத் தொடையைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்குப் போகும். தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் வருவதால் உறவுத் திருமணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்கு டிஸ்ட்ரோஃபின் மரபணுவில் ஒரு துண்டே நீங்கிப் போயிருக்கும். கோயம்புத்தூரிலுள்ள எம்.டி.சி.ஆர்.சி. நிறுவனம், தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த நீக்கம் எங்கே இருக்கிறது என்று கண்டு சொல்லும் பணியைப் பல்லாண்டாகச் செய்துவருகிறது. இதே மரபணுவைப் புழுவில் கெடுத்தபோது, பிரான்சின் லோரான் செகலா குழுவினர் கண்டது ஏமாற்றம்தான். புழு தலையைச் சற்று அதிகமாக வளைத்து, துறுதுறுவென்று ஓடியது. தசை பெரிதாகச் சிதையவில்லை. அவர்கள் விட்டுவிடவில்லை. தசையை உருவாக்கும் இன்னொரு மரபணுவில் இலேசான குறையுள்ள புழுவில் இதையும் சேர்த்தார்கள். 2000ல் அறிவித்தபடி, தசை கண்ணெதிரே சிதைந்தது. அந்தப் புழுவிடம் பல மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது சிதைவைக் குறைத்தவற்றில் பிரெட்னிசோனும் இருந்தது. பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் ஏற்கெனவே கொடுத்துவரும் ஸ்டீராய்டு அது. புதிய மருந்து கிடைக்கவில்லை என்று இதைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. பதில் முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சோதித்தபோது புழு சரியான விடையைச் சொன்னது. அதற்குப் பிறகுதான் தெரியாத கணக்கை அதனிடம் நம்பிக் கொடுக்க முடியும்.

முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு, அதாவது எஸ்.எம்.ஏ., பற்றித் தமிழ்நாடு நன்றாகவே அறியும். 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பொதுமக்கள் நிதி திரட்டிய செய்திகளைப் படித்திருக்கிறோம். இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு எஸ்எம்என்1 மரபணுவின் ஒரு பகுதி இரு பிரதியிலும் நீங்கியிருக்கும். ஓக்லஹோமாவில் ஆக்கிய ஓகே355 என்ற நீக்கப் புழு இதற்கு நேர் இணை. அது நெளிவு தளர்ந்து, வளர்ச்சி நின்று, சீக்கிரமே இறந்துபோகும். இன்று எஸ்.எம்.ஏ.வுக்குள்ள மூன்று மருந்துகளும் புழுவிலிருந்து வந்தவை அல்ல, அந்தப் பெருமையை நான் அதற்குச் சூட்டமாட்டேன். புழு உதவியது வேறிடத்தில். ஒரே நீக்கத்தைப் பெற்ற உடன்பிறப்புகளில் ஒருவர் நோயுற, இன்னொருவர் நலமாயிருந்த குடும்பங்களை ஜெர்மனியில் ஆராய்ந்து, பிளாஸ்டின்-3 என்ற புரதம் காக்கிறது என்று 2008ல் சொன்னார்கள். சில குடும்பங்களை வைத்துச் சொன்ன முடிவு தற்செயலாகவும் இருக்கலாம். 2010ல் வெளியான புழு ஆய்வு, பிளாஸ்டினைக் குறைத்தால் எஸ்எம்என் இழந்த புழுவின் நிலை மாறுகிறது என்று காட்டி அந்த ஐயத்தைக் குறைத்தது.

புழு உதவாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். அரிவாள் அணு இரத்தசோகைக்கு அது பயன்படாது; அதற்குச் சிவப்பணுவே இல்லை. பென்னாகரத்தில் புளோரைடைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டீர்கள். கறைபடிந்த பற்களும் வளைந்த எலும்புகளும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2013ல் ஜப்பானியக் கடனுதவியோடு செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே போடப்பட்டது. அதே ஜப்பானில் இசாவ் கட்சுரா குழுவினர், புளோரைடு கலந்த தட்டிலும் பிழைக்கும் புழுக்களைத் தேர்ந்தெடுத்து 1994ல் வெளியிட்டார்கள். அப்புழுக்களில் மாறியிருந்த மரபணுக்கள் குடலில் வேலை செய்து மலம் கழிக்கும் தாளத்தையும் ஆள்பவை என்று பின்னால் தெரிந்தது. சுவையான கண்டுபிடிப்பு. ஆனால் புழுவுக்குப் பல்லும் இல்லை, எலும்பும் இல்லை. புளோரைடு நோய்க்கு வேண்டியது ஆற்றுநீர். மரபணு ஆராய்ச்சி அல்ல. எந்தக் கேள்வியைப் புழுவிடம் கேட்கக்கூடாது என்று தெரிந்திருப்பதும் இந்தத் துறையின் ஒழுக்கம்.

கடைசி எதிர்ப்பு பணம். அரசு மருத்துவமனையில் கட்டிலுக்கே தட்டுப்பாடு இருக்கும் நாட்டில் புழு வளர்ப்பதா? பணக்கணக்கில்தான் புழு எல்லோரையும் வெல்கிறது. ஓர் எலி வகையை ஆக்கிப் பேண ஆகும் செலவில் பல நூறு புழு வகைகளைப் பேணலாம். 2021ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை இப்போது நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. பொருள் உறுதியாகாத அறிக்கையோடு நிற்கும் குடும்பம் அந்த வாசலுக்கே போக முடியாது, நோயின் பெயர் உறுதியானால்தான் போக முடியும். கனடா 2014ல் ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. மருத்துவர் ஒரு நோயாளியின் மரபணுவைப் பதிவு செய்தால், அந்த மரபணுவைப் புழுவிலோ ஈயிலோ மீனிலோ ஆராய்பவர் யார் என்று தேடி இருவரையும் இணைத்து, 25,000 டாலர் கொடுத்து வேலையைத் தொடங்கச் சொல்கிறது. நம்மிடம் ஆள் இல்லையா? காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இந்தப் புழு வளர்கிறது, பென்னாகரத்துக்குச் சென்னையைவிடப் பக்கமான பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் வளர்கிறது. குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்கும் புழுவை வளர்க்கும் ஆய்வாளருக்கும் நடுவே ஒரு கடிதப் போக்குவரத்துகூட முறையாக இல்லை என்பதுதான் குறை. தமிழ்நாடு அரசு இதற்கெனப் புதிய கட்டடம் எதுவும் எழுப்ப வேண்டாம். மருத்துவக் கல்லூரிகளையும் இந்த ஆய்வகங்களையும் இணைக்கும் ஒரு பதிவேடும், அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேரும், சிறு தொகைகளாகப் பிரித்துக் கொடுக்க ஒரு நிதியும் ஒதுக்கினால் போதும்.

அதுவரை உங்களால் ஆவதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்து, ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று அறிக்கை வந்திருந்தால், அதை வீணான தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அந்த வரி நிரந்தரத் தீர்ப்பு அல்ல. புதிய ஆய்வு வரும்போது அது மாறும். அறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து, ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ கொண்டுபோய், இந்த மாற்றத்துக்கு இப்போது பொருள் தெரிந்திருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த குழந்தைக்கு முன்னால் கட்டாயம் கேளுங்கள்.